இருபது எழுத்து மந்திரம்: 1980களின் ஜப்பானிய வீடியோ விளையாட்டும் சிறுவர் எழுத்து வழக்கும்

1980களின் பிற்பகுதியில் ஜப்பானில் பள்ளிப் பருவத்தைக் கழித்தோர் தம் இளமை நினைவுகளைக் கூறும்போது ஒரு காட்சி திரும்பத் திரும்ப இடம்பெறுவதைக் காணலாம். உறங்கும் நேரம் ஆகிவிட்டது. பெட்டியை அணைக்கும்படி தாய் இருமுறை சொல்லிவிட்டாள். தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்திருக்கும் சிறுவன் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தைப் பிரித்துத் திரையில் தோன்றும் எழுத்துகளைப் பென்சிலால் ஒவ்வொன்றாகப் படியெடுக்கிறான். அவ்வெழுத்துகள் சேர்ந்து எந்தச் சொல்லையும் தருவதில்லை. ஆயினும் அவற்றுள் ஒன்று பிழைபட்டால் பல நாள் உழைப்பும் இல்லாமற் போகும். இவ்வெழுத்துக் கோவைக்கு 'ஃபுக்கட்சு நொ ஜுமொன்' என்பது பெயர். 'மீண்டெழுதலின் மந்திரம்' என அதனைத் தமிழாக்கலாம்.

இம்மந்திரத்தைச் சிறுவர்க்கு அளித்தது 1986 ஆம் ஆண்டு மே 27 ஆம் நாள் வெளிவந்த 'டிராகன் குவெஸ்ட்' என்னும் ஆட்டம். எனிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட அதனை வடிவமைத்தவர் ஹொரீ யூஜி. நிரல் அமைப்பை முன்னின்று நடத்தியவர் நகமுரா கொயிச்சி. உருவங்களை வரைந்தவர் படக்கதை ஓவியர் தொரியமா அகிரா. இசையமைத்தவர் சுகியமா கொயிச்சி. இவ்வாட்டத்தின் வணிக வரலாறு பலரால் எழுதப்பட்டுள்ளது. மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் பயன்தரக்கூடியது பிறிதொன்று. எழுத்துப் பஞ்சத்தில் பிறந்த ஒரு மொழிநடை எவ்வாறு ஒரு தலைமுறையின் சொல்வளத்திற்குள் புகுந்தது, அதே ஆட்டம் ஆங்கிலத்திற்குச் சென்றபோது எவை கைவிடப்பட்டன என்பன இங்கு ஆராயப்படுகின்றன.

கருவியும் பெயரும்

நின்டென்டோ நிறுவனத்தின் 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' 1983 ஜூலை 15 ஆம் நாள் 14,800 யென் விலையில் விற்பனைக்கு வந்தது. ஜப்பானியர் அதனைப் 'ஃபமிகொன்' என்றே வழங்கினர். நீண்ட கூட்டுச்சொல்லின் முதற்பகுதியிலிருந்து இரண்டு மாத்திரையும் இரண்டாம் பகுதியிலிருந்து இரண்டு மாத்திரையும் எடுத்து ஒட்டுவது அம்மொழியில் மிக வளமான சொல்லாக்க முறையாகும். 'பெர்சனல் கம்ப்யூட்டர்' என்பது 'பசொகொன்' ஆனதும், 'டிராகன் குவெஸ்ட்' என்பது 'தொரகுவெ' ஆனதும், 1996 இல் 'பாக்கெட் மான்ஸ்டர்' என்பது 'பொகெமொன்' ஆனதும் இம்முறையினாலேயே. தமிழில் சொற்சுருக்கம் பெரும்பாலும் முதலெழுத்துகளை அடுக்குவதோடு நின்றுவிடுவதால் இச்சுருக்கங்களின் இயல்புத்தன்மையை மொழிபெயர்ப்பில் கொணர்வது அரிது.

ஆட்டம் ஒவ்வொன்றும் தனித்தனி நெகிழிப் பேழையில் அடைக்கப்பட்டு விற்கப்பட்டது. சிறுவர் அதனைக் 'கசெத்தொ' என்றனர். முதல் டிராகன் குவெஸ்டின் விலை 5,500 யென். இது ஒரு பள்ளிச் சிறுவன் தன் கைச்செலவுப் பணத்தில் எளிதில் வாங்கக்கூடிய தொகையன்று. புத்தாண்டில் உறவினர் உறையிலிட்டுத் தரும் 'ஒதொஷிதமா' என்னும் கைநீட்டத்தைச் சேர்த்து வைத்தே பலரும் வாங்கினர். இரண்டாம் ஆட்டம் 1987 ஜனவரி 26 இல் வெளிவந்ததை இப்பின்னணியில் வைத்துப் பார்க்கலாம். ஒருவர் வாங்கியதைப் பலர் இரவல் பெற்று ஆடினர். பேழையின் மீது உடையவன் தன் பெயரை மைக்கோலால் எழுதி வைப்பது பொது வழக்கம். பழம்பொருள் கடைகளில் இன்றும் அத்தகைய பேழைகள் கிடைக்கின்றன.

வாங்குதல் தொடர்பான சொற்களும் இக்காலத்தில் சிறுவர் நாவில் பழகின. நன்றாக விலைபோகும் ஆட்டத்தோடு விலைபோகாத ஆட்டங்களையும் கட்டாயமாகச் சேர்த்து விற்பதற்குத் 'தகியவசெ' என்று பெயர். 'ஒன்றையொன்று தழுவச் செய்தல்' என்பது அதன் நேர்ப்பொருள். 1990 பிப்ரவரியில் வந்த நான்காம் ஆட்டத்தை ஒரு மொத்த வணிகர் இவ்வாறு விற்றது தவறென ஜப்பானிய நியாய வணிக ஆணையம் 1992 இல் முடிவு செய்தது. சட்டக் கல்வியில் பாடமாகிவிட்ட அவ்வழக்கின் சொல்லைச் சிறுவர்கள் கடை வாயிலிலேயே கற்றிருந்தனர்.

இருபது கதகானா

முதல் ஆட்டத்தின் பேழையில் இருந்த நினைவகம் மொத்தம் 64 கிலோபைட்டு. உருவம், வரைபடம், இசை, நிரல், உரை ஆகிய அனைத்தும் இதனுள் அடங்க வேண்டும். திரையில் ஓர் எழுத்துக்குக் கிடைத்த இடம் எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டம். சீன எழுத்துகளாகிய கான்ஜிகளை அதில் தெளிவாக வரைதல் இயலாது. ஆகவே ஆட்டத்தின் உரை முழுவதும் கானா எழுத்துகளாலேயே அமைந்தது. ஜப்பானிய மொழி வழக்கமாகச் சொற்களிடையே இடைவெளியின்றி எழுதப்படுவது. கான்ஜியும் கானாவும் மாறிமாறி வருவதே சொல்லெல்லையைக் காட்டிவிடும். கான்ஜி இல்லாதபோது அவ்வுதவி போய்விடுகிறது. எனவே தொடக்கப்பள்ளிப் பாடநூல்களில் உள்ளதுபோல் சொற்றொடர் தோறும் இடம்விட்டு எழுதும் முறை கைக்கொள்ளப்பட்டது. கருவியின் வறுமையால் நேர்ந்த இவ்வமைப்பு முதல் வகுப்புச் சிறுவனும் படிக்கத்தக்க உரையைத் தந்துவிட்டது.

ஹிரகானா, கதகானா என்னும் இருவகைக் கானாக்களுள் முன்னது ஏறக்குறைய முழுமையாக இடம்பெற்றது. பிறமொழிச் சொற்களுக்கும் புனைபெயர்களுக்கும் உரிய கதகானாவுக்கோ இடம் போதவில்லை. அதில் இருபது எழுத்துகள் மட்டுமே தெரிந்தெடுக்கப்பட்டன. தமிழ் எழுத்தில் அவற்றை இவ்வாறு குறிக்கலாம்: இ, க, கி, கொ, ஷி, சு, த, தொ, ஹெ, ஹொ, ம, மி, மு, மெ, ர, ரி, ரு, ரெ, ரொ, ன். இப்பட்டியல் ஊன்றி நோக்கத்தக்கது. உயிரெழுத்துகளுள் இகரம் ஒன்றே உள்ளது. நகர வரிசையும் யகர வரிசையும் அறவே இல்லை. ரகர வரிசை ஐந்தும் முழுமையாக உள்ளன. மகர வரிசையில் 'மொ' ஒன்றே விடுபட்டது. 'ஹெ', 'ரி' ஆகிய இரண்டும் ஹிரகானாவிலும் கதகானாவிலும் ஏறக்குறைய ஒரே வடிவின ஆதலால் ஒரே கட்டத்தைக் கொண்டு இரண்டுக்கும் ஒப்பேற்றிவிடலாம்.

இதனினும் நுட்பமான ஒரு சிக்கனமும் உண்டு. தமிழில் ககரம் ஒலிப்பிலா ஒலியையும் ஒலிப்புடை ஒலியையும் ஒரே வடிவால் குறிக்கும்; இடம் நோக்கிப் படிப்பவர் வேறுபாட்டை அறிவர். ஜப்பானிய மொழியில் இவை வேறு வேறு ஒலியன்கள். ஒலிப்புடைமையைக் காட்ட எழுத்தின் வலப்பக்க மேல்மூலையில் இரு சிறு கோடுகள் இடப்படும். இவ்வாட்டத்தில் அக்கோடுகள் எழுத்தோடு சேர்த்து வரையப்படாமல் எழுத்துக்கு மேலுள்ள வரிசையில் தனிக் கட்டமாக வைக்கப்பட்டன. ஆகவே ஒரே ஒரு கூடுதல் கட்டத்தைக் கொண்டு இருபதில் ஒன்பது எழுத்துகள் இரட்டித்த பயனைத் தந்தன. தமிழ் வரிவடிவில் இவ்வேறுபாட்டைக் காட்ட வழியில்லை என்பதால் கீழ்வரும் எடுத்துக்காட்டுகளில் அது புலப்படாது. படிப்போர் கருத்தில் கொள்க.

அரக்கர், ஊர், மந்திரம் ஆகியவற்றின் கதகானாப் பெயர்கள் இந்த இருபதுக்குள்ளேயே புனையப்பட்டன. எவர்க்கும் எளிதில் தோற்கும் குழைம உயிரி 'சுராயிமு' ஆயிற்று. இது ஆங்கிலச் சொல்லின் ஜப்பானிய வடிவம். ஊர்கள் ரததோமு, மெருகிதொ, மயிரா, ரிமுருதாரு எனப் பெயர் பெற்றன. இளவரசி ரோரா, முன்னோராகிய வீரர் ரொதொ. ஓநாய் மனிதனைக் குறிக்கும் கிரேக்க வழிச் சொல் 'ரிகன்தொ' என்பதோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் வரவேண்டிய 'பு' இருபதில் இல்லை. ரகர மகர ஒலிகளும் நெட்டுயிரும் செறிந்து, கேட்டவுடன் இவ்வாட்டத்திற்கே உரியவை என அடையாளம் காணத்தக்க ஓர் ஒலிச்சாயலை இப்பெயர்கள் பெற்றுள்ளன. அச்சாயலைப் புனைந்தவரின் செவியுணர்வு மறுக்கத்தக்கதன்று. ஆனால் அதன் எல்லையை வகுத்தது நினைவகம். ஒரு வேடிக்கையும் இதில் உண்டு. 'குவெஸ்ட்' என்பதை எழுத வேண்டிய 'கு', 'எ' ஆகிய இரண்டுமே இருபதில் இல்லாததால் ஆட்டத்தின் பெயரையே அதன் கதகானாவால் எழுத முடியாது. முகப்பில் அப்பெயர் உரோமன் எழுத்தில் படமாகவே வரையப்பட்டது.

மந்திரப் பெயர்களில் ஓர் உருபனியலே உருவாயிற்று. காயம் ஆற்றும் மந்திரம் 'ஹொயிமி'; அதனினும் வலியது 'பெஹொயிமி'. சுடும் மந்திரம் 'கிரா'. அதனினும் வலியது 'பெகிரமா'. 'பெ' என்னும் முன்னொட்டு மிகுதிப்பொருளைத் தருவதைச் சிறுவர் எவரும் கற்பிக்காமலே உணர்ந்தனர். பின்வந்த ஆட்டங்களில் 'பெஹொமா', 'பெகிரகொன்' எனவும், 'இயொ' என்பதிலிருந்து 'இயொரா', 'இயொனசுன்' எனவும் இவ்வமைப்பு விரிந்தது. 'பெஹொமசுன்' என்னும் பெயரைப் புதிதாகக் கேட்ட சிறுவன், அது பெரியதோர் ஆற்று மந்திரம் என்பதை முன்னொட்டாலும் பின்னொட்டாலும் ஊகித்துவிடுவான். பின்னொட்டுகளையே பெரிதும் நம்பி இயங்கும் ஜப்பானிய மொழியில் முன்னொட்டால் மிகுதி காட்டும் இப்புனைவு சற்றே அயன்மை உடையது. மந்திரமொழிக்கு வேண்டியதும் அந்த அயன்மையே.

மற்றொரு செய்தியும் இங்குக் கூறத்தக்கது. ஹொரீ இதற்குமுன் கணினிக்கு எழுதிய துப்பறியும் ஆட்டமாகிய 'போர்டோப்பியா தொடர் கொலை வழக்கு' (1983) ஆடுவோரே வினைச்சொல்லைத் தட்டச்சிட வேண்டிய அமைப்பினது. எந்தச் சொல்லைக் கணினி ஏற்கும் என்பதை ஊகிப்பதிலேயே பெரும்பொழுது கழியும். ஃபமிகொன் கருவிக்கு விசைப்பலகை இல்லை. எனவே 1985 இல் அது அக்கருவிக்கு வந்தபோது சொற்கள் பட்டியலாகத் திரையில் தரப்பட்டன. டிராகன் குவெஸ்டிலும் அவ்வாறே: பேசு, மந்திரம், வலிமை, கருவி, படிக்கட்டு, கதவு, ஆராய், எடு என எட்டே கட்டளைகள். பெயரும் வினையும் கலந்த இப்பட்டியலை இலக்கண நோக்கில் ஒழுங்கற்றது எனலாம். பயன் நோக்கில் குறையொன்றுமில்லை. ஆட்டம் தொடங்கும் அரசவை அறையில் பேழையும் பூட்டிய கதவும் படிக்கட்டும் வைக்கப்பட்டிருந்தன. இக்கட்டளைகளைப் பயன்படுத்தாமல் அங்கிருந்து வெளியேற இயலாது. கையேட்டைப் படிக்காத சிறுவனும் அவ்வறையிலேயே கற்றுத் தேறினான். வீரனின் உருவம் எப்போதும் முன்னோக்கியே நின்றதால் 'பேசு' என்றபின் வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு ஆகிய திசைகளுள் ஒன்றையும் தெரிந்தெடுக்க வேண்டும். திசையறியாச் சிறுவர் பலர் இவ்வாட்டத்தால் திசை கற்றனர்.

மந்திரத்தின் யாப்பு

முதல் ஆட்டத்தின் பேழையில் ஆடியவரது நிலையைப் பதிந்து வைக்க வசதியில்லை. மின்சாரத்தை நிறுத்தினால் யாவும் அழியும். ஆகவே வீரனின் பெயர், ஈட்டிய அனுபவப் புள்ளி, கையிலுள்ள பொன், கருவிகள் ஆகியன எழுத்துகளாக மாற்றப்பட்டு, ரததோமு அரண்மனையின் அரசர் வாயிலாக அறிவிக்கப்பட்டன. மறுநாள் அவற்றை மீண்டும் உள்ளிட்டால் ஆட்டம் விட்ட இடத்திலிருந்து தொடரும். மந்திரத்தில் ஆண்ட எழுத்துகள் 64. 'ன்' எழுத்தும் 'வொ' எழுத்தும் நீங்கலான அடிப்படை ஹிரகானாக்கள் 44. ஒலிப்புடைக் குறியிட்டவை 20. இரண்டின் ஆறாம் அடுக்கு 64 ஆதலால் ஓரெழுத்து ஆறு பிட்டுச் செய்தியைத் தாங்கும். இருபது எழுத்தும் சேர்ந்து 120 பிட்டுகள். அவற்றுள் எட்டு, பிழை காண்பதற்கென ஒதுக்கப்பட்டவை.

இவ்விருபது எழுத்துகளும் ஒரே தொடராகத் தரப்படவில்லை. ஐந்து, ஏழு, ஐந்து, மூன்று எனப் பிரித்துத் தரப்பட்டன. முதல் மூன்று பகுதிகளும் ஹைக்கூ யாப்பின் அளவு என்பதைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் உடனே அறிவர். ஜப்பானிய யாப்பில் எண்ணப்படுவது அசையன்று, மாத்திரை. நெடிலுக்கு இரண்டு, 'ன்' என்னும் மூக்கொலிக்கு ஒன்று, இரட்டித்த மெய்யின் முற்பகுதிக்கு ஒன்று என அது கணக்கிடப்படும். மெய்க்கு அரை மாத்திரை தரும் தமிழ் இலக்கணத்தோடு இது முழுதும் ஒவ்வாது. எனினும் எழுத்தெண்ணிப் பாடும் மரபு தமிழுக்குப் புதிதன்று. கட்டளைக் கலித்துறையில் ஒற்று நீக்கி எண்ண, நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்தும் நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17 எழுத்தும் அமையும். மந்திரத்தின் 64 எழுத்துகளில் 'ன்' இல்லை, சிற்றெழுத்துகள் இல்லை, நெடிற்கோடும் இல்லை. எனவே ஓரெழுத்து எப்போதும் ஒரு மாத்திரையே பெறும். பொருளற்ற எழுத்துக் கோவையாயினும் யாப்பளவில் அது பிழையற்றது. ஐந்தும் ஏழும் செவிக்குப் பழகிய மொழியில் இத்தகைய பிரிப்பு நினைவில் நிறுத்தவும் வாய்விட்டுச் சொல்லிப் படியெடுக்கவும் துணைசெய்தது. அண்ணன் திரையைப் பார்த்துச் சொல்லத் தம்பி எழுதிக்கொள்வது பல வீடுகளில் நிகழ்ந்தது.

பிழைகாணும் பகுதி எட்டுப் பிட்டே ஆதலால் ஏதேனும் இருபது எழுத்தை உள்ளிட்டால் ஏறக்குறைய 256 இல் ஒருமுறை அது செல்லுபடியாகும் வாய்ப்புண்டு. பொருளுள்ள தொடர்களை மந்திரமாக்கிப் பார்க்கும் விளையாட்டு இதனால் தோன்றியது. பாஷோவின் புகழ்பெற்ற தவளைக் கவிதையின் 17 மாத்திரைகளையும் இட்டு, எஞ்சிய மூன்றிடத்தில் கவிஞர் பெயரையொத்த 'ப-ஷி-ய' என்பதை நிரப்பினால் ஆட்டம் தொடங்கிவிடும் என்பது இன்றும் பலர் அறிந்த செய்தி. 'ஷோ' என எழுத வேண்டிய சிற்றெழுத்து கிடைக்காமையால் பெயர் சற்றே சிதைந்துள்ளது.

இரண்டாம் ஆட்டத்தில் வீரர் மூவர். மந்திரமோ 52 எழுத்து வரை நீண்டது. அவ்வாட்டத்திற்குப் பரவிய ஒரு மந்திரம் ஹொரீ யூஜி, தொரியமா அகிரா முதலியோர் பெயர்களைக் கோத்து, எஞ்சிய இடமெல்லாம் 'பெ' என்னும் எழுத்தையே இட்டு நிரப்பியது. அதனை உள்ளிட்டால் 'மொ', சிற்றெழுத்து 'யொ', 'மொ', 'தொ' என்னும் நான்கெழுத்துப் பெயருடைய வலிய வீரன் தோன்றுவான். சிற்றெழுத்து 'யொ' இகர ஈற்று எழுத்தின் பின்னன்றி வாராது என்பது ஜப்பானிய எழுத்து மரபு. 'மொ'வின் பின் அது வந்த இப்பெயரை மரபுப்படி ஒலிக்க முடியாது. ஒரு தலைமுறைச் சிறுவர் ஒலிக்கவொண்ணாப் பெயரொன்றைக் கண்ணால் மட்டும் அறிந்து, தத்தமக்குத் தோன்றியவாறு ஒலித்து வந்தனர். மொழிமுதல், மொழியிறுதி, இடைநிலை மயக்கம் என விதி வகுத்த இலக்கணக் கல்வியில் பழகியவர்க்கு இதன் சுவை விளங்கும்.

மந்திரத்தை உள்ளிடும் அட்டவணையும் இந்திய வாசகர் கருத்துக்குரியது. அ, இ, உ, எ, ஒ என்னும் உயிர்வரிசையும், க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்னும் வரிசையும் கொண்ட 'கொஜூவொன்' அட்டவணை, பௌத்தத் துறவிகள் சித்தம் எழுத்தின் வழி சமஸ்கிருத ஒலியியலைப் பயின்றதன் விளைவாக ஜப்பானில் நிலைபெற்றது. ஹகரம் முற்காலத்தில் பகரமாக ஒலித்தது என்பதைக் கருதினால் வரிசை நம் நெடுங்கணக்கோடு எவ்வளவு நெருங்குகிறது என்பது தெளிவாகும். திசைவிசையால் அவ்வட்டவணை மீது ஊர்ந்து எழுத்தைத் தேர்ந்த சிறுவன், அறியாமலே இந்திய ஒலியியலாரின் பகுப்பொன்றில் நாள்தோறும் நடந்து திரிந்தான்.

பிழைபட்ட எழுத்து

அக்காலத் தொலைக்காட்சித் திரையில் ஃபமிகொனின் படம் மங்கலாகவே தெரிந்தது. எட்டுப் புள்ளிக் கட்டத்தில் வரைந்த ஹிரகானாவில் 'நு', 'மெ' ஆகியன இறுதிச் சுழியால் மட்டுமே வேறுபடும். 'நெ', 'ரெ', 'வ' மூன்றும் இடப்பக்கம் ஒன்றே. வலப்பக்க முடிவு உள்வளைவதா, வெளியே நீள்வதா, சுழிப்பதா என்பதே வேறுபாடு. 'ரு', 'ரொ' அவ்வாறே. 'ஹ'வுக்கு ஒரு கிடைக்கோடு, 'ஹொ'வுக்கு இரண்டு. 'ஸ', 'சி' ஒன்றற்கொன்று கண்ணாடி நிழல் போன்றவை. இரண்டாம் ஆட்டத்திலோ 'ப' எழுத்தின் மேல் இருப்பவை இரு கோடுகளா சிறு வட்டமா என்னும் ஐயமும் சேர்ந்துகொண்டது. திரையில் தெரிந்ததைச் சரியாகக் கண்டவனும் தன் கையெழுத்தை மறுநாள் தானே படிக்க முடியாமல் திகைத்ததுண்டு.

மறுநாள் இருபது எழுத்தையும் இட்டு முடித்தவுடன், மந்திரம் தவறானது என ஒற்றை வரியில் ஆட்டம் அறிவிக்கும். எவ்வெழுத்துப் பிழை என்று அது சொல்லாது. குறிப்பேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, 'நு' என்பதை 'மெ' என்றும் 'ரெ' என்பதை 'வ' என்றும் மாற்றி மாற்றி இட்டு, பாடவேறுபாடு நோக்கும் பதிப்பாசிரியனைப் போலச் சிறுவன் உழைக்க வேண்டியதுதான். ஏடு பெயர்த்து எழுதுவோர் செய்யும் பிழைகளைச் சுவடியியலார் வகைப்படுத்துவர்: வடிவ ஒப்புமையால் வரும் மயக்கம், எழுத்து விடுபடல், இருமுறை எழுதல், கேட்டெழுதுவதால் வரும் ஒலி மயக்கம். இவை அனைத்தும் இக்குறிப்பேடுகளில் நிகழ்ந்தன. ஒரே மந்திரத்தை இருமுறை எழுதி ஒப்பிடுவது, இரண்டு மந்திரங்களைப் பெற்று வைப்பது, மயங்கும் எழுத்தின் அருகே விளக்கக் குறி இடுவது போன்ற தற்காப்பு முறைகளைச் சிறுவர் தாமே கண்டுகொண்டனர். அழகாக எழுதுதல் என்பது ஆசிரியரின் கண்டிப்பாக மட்டும் இருந்த நிலை மாறி, எழுதியவனுக்கே ஆதாயம் தருவதாக ஆயிற்று. எழுத்துக் கல்வியின் வரலாற்றில் இதற்கு இடமுண்டு.

ஆங்கிலத்தில் நேர்ந்த மாற்றம்

முதல் ஆட்டம் 1989 ஆகஸ்டில் 'டிராகன் வாரியர்' என்னும் பெயரில் அமெரிக்காவில் வெளிவந்தது. 'டிராகன்குவெஸ்ட்' என்னும் பெயரில் வேறொரு மேசை விளையாட்டு அங்கு முன்னரே இருந்தமையால் பெயர் மாற்றம் நேர்ந்தது. 2005 இல் எட்டாம் ஆட்டம் அங்கு வெளிவந்தபோதுதான் மூலப்பெயர் பயன்பட்டது. ஆங்கிலப் பேழையில் மின்கலம் பொருத்தப்பட்டு ஆட்டநிலை உள்ளேயே பதியப்பட்டதால் மந்திரம் தேவையற்றுப் போயிற்று. அமெரிக்கச் சிறுவனுக்கு அரசர், பதிவு செய்து தருபவர் மட்டுமே. மூலத்தில் அவர் மொழியைத் தருபவர். வீரனின் உருவம் திசைநோக்கித் திரும்புமாறு வரையப்பட்டமையால் திசைச் சொற்களும் நீங்கின. வீரன் பெயருக்கு நான்கு கானாக்களுக்கு மாற்றாக எட்டு உரோமன் எழுத்துகள் தரப்பட்டன.

மந்திரப் பெயர்கள் வெளிப்படைப் பொருளுடைய சொற்களாயின. 'ஹொயிமி' என்பது 'ஹீல்' ஆகவும், 'பெஹொயிமி' என்பது 'ஹீல்மோர்' ஆகவும், 'கிரா' என்பது 'ஹர்ட்' ஆகவும், ஊர் திரும்பும் 'ரூரா' என்பது 'ரிட்டர்ன்' ஆகவும் மாறின. பொருள் முழுதும் வந்து சேர்ந்தது. மந்திரத்தன்மை வந்து சேரவில்லை. எட்டாம் ஆட்டத்தின் ஆங்கில ஆக்கத்தில் இக்குறை உணரப்பட்டது போலும். சுடும் ஓசையைக் குறிக்கும் 'ஃபிரிஸ்' என்பது 'ஃபிரிஸில்' எனவும் 'காஃபிரிஸில்' எனவும் வளருமாறு அமைக்கப்பட்டது. 'கா' என்னும் முன்னொட்டு ஆங்கிலப் படக்கதைகளின் வெடியோசைச் சொல்லாகிய 'காபூம்' என்பதன் வழி வந்த மிகுதிப்பொருள் ஒட்டு. மூலத்தின் 'பெ' ஆற்றிய பணியை அது ஆற்றுகிறது. சொல்லைப் பெயர்க்காமல் சொல்லாக்க முறையைப் பெயர்த்த இச்செயல், 1989 ஆம் ஆண்டின் மொழிபெயர்ப்பினும் மூலத்திற்கு அணித்தானது என்றே மதிப்பிட வேண்டும்.

உரையாடல் நடையும் மாறியது. மூலத்தில் அரசர் 'சொனத' என்னும் பழம் முன்னிலைப் பெயரை ஆள்வார். முதியோர் 'ஜ' என முடியும் வாக்கியங்களையும், பெண்டிர் 'வ' என முடியும் வாக்கியங்களையும் பேசுவர். ஏனையோர் இயல்பான பேச்சுநடையினர். புனைகதை மாந்தரின் வயது, பால், தகுதி ஆகியவற்றைக் காட்டும் இத்தகைய மரபுநடையைக் கின்சுயி சதொஷி 2003 இல் வெளியான தம் நூலில் 'யகுவரிகொ' என்னும் பெயரிட்டு ஆராய்ந்தார். 'பாத்திர மொழி' என அதனைத் தமிழில் வழங்கலாம். முகபாவம் காட்ட இயலாத எட்டுப் புள்ளி உருவங்களுக்கு ஓரெழுத்து ஈற்றிடைச்சொல் முகமாக நின்றது. ஆங்கிலம் 'தவ்', 'ஹேஸ்ட்' முதலிய பழவழக்குகளைக் கொண்டு பெரும்பாலோரையும் ஒரே தொல்நடையில் பேசவைத்தது. புராணத் திரைப்படங்களின் செந்தமிழ் வசனத்தைக் கேட்டுப் பழகியவர்க்கு இதன் விளைவு புரியும்: காலத் தொலைவு கிடைக்கிறது, ஆளுக்கு ஆள் வேற்றுமை மறைகிறது.

குறிப்பேட்டுக்குப் பின்

ஜப்பானில் மந்திரத்தின் ஆட்சி இரண்டே ஆட்டங்களோடு தளர்ந்தது. 1988 பிப்ரவரி 10 ஆம் நாளாகிய புதன்கிழமை மூன்றாம் ஆட்டம் வந்தபோது பேழையில் மின்கலம் இருந்தது. பள்ளிக்குச் செல்லாமல் கடை வாயிலில் வரிசையில் நின்ற மாணவர் பற்றியும், வாங்கியவரை மறித்துப் பறித்த நிகழ்ச்சிகள் பற்றியும் அக்காலச் செய்திகள் பேசின. வார நாளில் இவ்வாட்டத்தை விற்கக்கூடாதெனச் சட்டமே இயற்றப்பட்டது என்பது கட்டுக்கதை. எனினும் நான்காம் ஆட்டம் 1990 பிப்ரவரி 11 ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமையே வெளியிடப்பட்டது. முதல் ஆட்டம் ஏறக்குறைய 15 இலட்சமும் மூன்றாம் ஆட்டம் 38 இலட்சமும் விற்றன. மூன்றாம் ஆட்டத்தின் நினைவகம் 256 கிலோபைட்டு. அதுவும் போதாமல் முகப்புப் படமும் முகப்பிசையும் நீக்கப்பட்டன.

பதிவுக்குப் 'பொவுகென் நொ ஷொ', அதாவது 'வீரச்செலவு ஏடு', எனப் பெயர். மின்கலமோ பேழையின் இணைப்போ தடுமாறினால் அவ்வேடு அழிந்துபோகும். அச்சமூட்டும் இசையோடு வருத்தம் தெரிவிக்கும் வாசகமொன்று திரையில் தோன்றும். முன்பு இழப்புக்குக் காரணம் 'நு' என்றோ 'மெ' என்றோ சுட்டிக் காட்டத்தக்க ஓரெழுத்து. திருத்திப் பார்க்க வழியிருந்தது. நண்பனின் குறிப்பேட்டில் பிரதி இருக்கவும் கூடும். இப்போது நொந்துகொள்ளக் கையெழுத்தும் இல்லை, ஒப்புநோக்கப் பிரதியும் இல்லை. மந்திரத்தைத் தொலைபேசியில் சொல்லலாம், இதழில் அச்சிடலாம், வேறொருவர் பேழையில் இட்டு ஆடலாம். பதிவேடு பேழையை விட்டு வெளியே வாராது.

'கெயிகென்சி' என்னும் 'அனுபவ மதிப்பு' இன்று அலுவலகப் பேச்சிலும் வழங்குகிறது. சிறுவர் இதழ்கள் பரப்பிய 'உரவசா', அதாவது மறைவழி நுட்பம், சமையற் குறிப்புகளுக்கும் தலைப்பாகிவிட்டது. 2017 ஜூலை 29 இல் வெளியான பதினோராம் ஆட்டத்தில், பதிவு வசதி இருக்கவும், மீண்டெழுதலின் மந்திரம் மறுபடியும் சேர்க்கப்பட்டது. 1986, 1987 ஆம் ஆண்டுகளின் மந்திரங்களையும் அது ஏற்றது. அவற்றை உள்ளிடுவதற்கான அட்டவணையில் எழுத்துகள் அகர வரிசைக்குப் பின் ககர வரிசை, அதன்பின் சகர வரிசை எனப் பழைய முறையிலேயே நின்றன.